சாய்ச்சி வை, கண்ணு – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இந்தப் பகுதி வரவில்லை. ஐப்பசிக் கடைசியில், மூன்று நாள் அடைமழைக்கு நடுவே, என் அப்பா இறந்துபோனார். வயது 91. ஆசிரியர் அதை இரண்டு வரியில் அறிவித்திருந்தார். அதைப் படித்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதங்களை அம்மாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். வழக்கமான கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை அப்பாவைப் பற்றியும், அவரைப் போல் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றியும் கேட்டவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: இத்தனை வருடமாக எழுதுகிறீர்கள், அப்பாவைப் பற்றி ஒரு வரி வந்ததில்லையே அக்கா. அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? – போளூர் வாசகி

அவர் இருக்கும்போது எழுதினால் கோபித்துக்கொள்வார். "என்னப் பத்தி எழுத இன்னா இருக்குது?" என்பார். அதனால் எழுதவில்லை.

வேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், அதிலும் பாதி கல். 1953இல், 19 வயதில், பெங்களூருக்குப் போய், ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 22 வருடம் கழித்து ஹவில்தாராக வெளியே வந்தார். வந்த மூன்றாவது மாதமே ஒரு வங்கியில் இரவுக் காவல் வேலை. அதில் 17 வருடம். இரவெல்லாம் காவல், காலையில் சைக்கிளில் நேராக நிலத்துக்கு. சாயங்காலம் நாலு மணிக்குப் படுத்து எட்டு மணிக்கு எழுந்து மறுபடி வேலைக்குக் கிளம்புவார். அந்த நாலு மணி நேரம் வீட்டில் நாங்கள் பாத்திரம் கூடச் சத்தமில்லாமல் வைப்போம். காவல் வேலை முடிந்தபின் நிலம் மட்டும். 86 வயது வரை மண்வெட்டி பிடித்தார்.

எங்கள் பக்கத்தில் இது புதுமை இல்லை. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார், இல்லை இருந்து வந்திருப்பார். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். நான் ஏழாவது படிக்கும்போது லீவில் வந்த அப்பா என்னை அங்கே கூட்டிப்போய் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் கழித்துப் பார்க்கச் சொன்னார். 263 என்றேன். "அந்த 263 பேரு திரும்பி வந்து இன்னா பண்ணாங்க தெரியுமா? ஏர் ஓட்டினாங்க. கெணறு வெட்டினாங்க. கடன் கட்டினாங்க. அத்த எந்தக் கல்லுலயும் எழுதல."

அவர் இறந்த அன்று இரவிலிருந்து எனக்கு அந்த எண் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. போளூர் சகோதரி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர் திரும்பி வந்தவர்.

கேள்வி: சாப்பர் என்றால் துப்பாக்கி பிடிக்காத, கட்டட வேலை மட்டும் செய்கிற படையா? போரில் அவர்களுக்கு என்ன வேலை? – திருப்பத்தூர் கல்லூரி மாணவர்

இல்லை தம்பி. துப்பாக்கியும் உண்டு, கொத்தனார் கரண்டியும் உண்டு. தம்பி என்று உங்களைக் கூப்பிடும்போதே நினைவு வருகிறது: மெட்ராஸ் சாப்பர்களுக்கு ராணுவத்தில் வழங்கும் செல்லப்பெயரே 'தம்பி'தான். 1780இல் தொடங்கிய படை அது. ஒவ்வொரு சாப்பருக்கும் ஒரு கைத்தொழில் இருக்கும்: தச்சு, கொல்லு, எலக்ட்ரிக், வண்டி ஓட்டுவது. அப்பாவுக்குக் கொத்தனார் டிரேட். காலாட்படையும் டாங்கிகளும் போவதற்கு முன்னால் போய் வழி திறப்பவர்கள் அவர்கள். பாலம் போடுவார்கள், எதிரி புதைத்த கண்ணிவெடியை எடுப்பார்கள். பின்வாங்க நேர்ந்தால் பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கடைசியாக வருகிறவர்களும் அவர்களே.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, அப்பா 9ஆம் இன்ஜினியர் ரெஜிமென்ட்டில் இருந்தார். மேற்கே ஷகர்கர் பகுதி, பசந்தர் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணிவெடி வயல். 15ஆம் தேதி இரவு அதற்குள் டாங்கிகளுக்கு ஒரு பாதை திறக்க வேண்டும். பின்னால் பூனா ஹார்ஸ் என்ற படைப்பிரிவின் டாங்கிகள் நிற்கின்றன, முன்னால் ஆற்றைக் கடந்துவிட்ட காலாட்படை தனியாக நிற்கிறது. பாதை முழுசாகத் திறந்து முடிவதற்குள்ளேயே டாங்கிகள் அதற்குள் இறங்கிவிட்டன. அவ்வளவு நெருக்கடி. மறுநாள் அந்த டாங்கிப் படையில் நின்று உயிர் கொடுத்த அருண் கேத்ரபால், 21 வயது, பரம்வீர் சக்கரம் பெற்றவர், அவர் பெயரை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாதை திறந்தவர்களில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி என்ற அதிகாரியும் உயிர் கொடுத்தார், அவருக்கு மகாவீர் சக்கரம். இந்த இரண்டாவது பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அப்பா அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் உட்கார்ந்திருந்தால் எழுந்து நிற்பார்.

வேலை எப்படி என்று என் மகன் பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்டபோது ஒரே ஒரு முறை விளக்கினார். அப்போது அவருக்கு எண்பது வயது. மண்ணில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் குளிரிலும் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட வேண்டும், ஏனென்றால் வெடியோடு தலைமயிர் போல இழுத்துக் கட்டியிருக்கும் கம்பி துணிக்குத் தெரியாது, தோலுக்குத்தான் தெரியும். முதலில் கையால் காற்றைத் தடவ வேண்டும், பிறகு புல்லை. அதற்கப்புறம்தான் வெடியைத் தேடும் குத்தூசியை மண்ணில் செருகுவது. நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், அதனால் சாய்த்து, ஏறக்குறைய முப்பது டிகிரியில். பக்கவாட்டில் தட்டுப்பட்டால் நிறுத்திவிட்டு விரலால் மண்ணை விலக்க வேண்டும். பிறகு இன்னும் இரண்டு விரற்கடை முன்னால். பின்னால் ஒருவர் வெள்ளை நாடா விட்டுக்கொண்டே வருவார்.

"வெரலு மரத்துப் போச்சின்னா கம்பி தெரியாது. அக்குள்ல வச்சி சூடு பண்ணிக்கினு மறுபடியும் தடவணும். அவசரம் எல்லாருக்கும் இருக்கும். உன் வெரலுக்கு இருக்கக் கூடாது" என்றார். என் மகன் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறான். 17ஆம் தேதி சண்டை நின்றது.

கேள்வி: உங்க அப்பா உங்களுக்கு ராத்திரியில போர்க் கதை சொல்லுவாரா? – ஆரணி, ஆறாம் வகுப்பு மாணவி

சொன்னதில்லை கண்ணு. ஆனால் ஒரு விளையாட்டு கற்றுக்கொடுத்தார்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்தபிறகு மண்ணுக்குள்ளே காய் தங்கிவிடும் இல்லையா, அதைக் கிளறி எடுக்க நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் கொல்லைக்குப் போவோம். களைக்கொத்தால் கண்டபடி கொத்தினால் காய் உடைந்துபோகும். அப்பா எங்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு மெல்லிய குச்சி சீவிக் கொடுப்பார். "மேலேர்ந்து குத்தாத. சாய்ச்சி வை, கண்ணு. தட்டுப்பட்டா நிறுத்து. வெரலால தள்ளு." ஒரு முழ அகலம் முடித்துத்தான் அடுத்த முழத்துக்கு நகர வேண்டும். விட்டுவிட்டுப் போகக் கூடாது. பக்கத்துக் கொல்லைப் பிள்ளைகள் கூடை நிறைய மண்ணும் ஓடுமாகக் கொண்டுபோவார்கள், எங்கள் கூடையில் ஒரு காய் உடைந்திருக்காது.

அது என்ன விளையாட்டு என்று எனக்கு 50 வயதில்தான் புரிந்தது, மகன் எழுதிய கட்டுரையைப் படித்தபோது. உன் தாத்தா யாராவது பட்டாளத்தில் இருந்தவர் என்றால், போரைப் பற்றிக் கேட்காதே. அவர் கையால் என்ன வேலை செய்வார் என்று கேள். நிறையச் சொல்வார்.

கேள்வி: என் கணவர் லடாக்கில் இருக்கிறார். மகளுக்கு மூன்று வயது. லீவில் வந்தால் அவரிடம் போகாமல் அழுகிறாள், அவர் ஒருவரும் பார்க்காத நேரத்தில் கண் கலங்குகிறார். நீங்கள் எப்படி அப்பாவோடு ஒட்டினீர்கள்? – குடியாத்தம் வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தை என் அம்மாவிடம் படித்தபோது அவள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். 84 வயதில்.

நானும் அழுதவள்தான். நான்கு வயதில், காட்பாடி ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கிய மனிதரைப் பார்த்து, "அம்மா, ஒரு மாமா வந்திருக்காரு" என்று கத்தினேனாம். கறுப்பு டிரங்குப் பெட்டி, அதில் வெள்ளை பெயிண்டில் நம்பர், தோளில் ஹோல்டால். தெருவே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. என்னைத் தூக்கவும் இல்லை. பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, நேராகப் பின்பக்கம் போய் ஒரு சுவருக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீடு அப்படித்தான் வந்தது. ஒரு லீவுக்கு ஒரு சுவர், இல்லையென்றால் ஒரு அறை. இன்றைக்கும் சொல்வோம், இது பெங்களூர் லீவில் கட்டின அறை, இது பதான்கோட்டிலிருந்து வந்தபோது கட்டின சமையற்கட்டு, இது சண்டைக்கு அடுத்த வருடம் போட்ட மாடிப்படி என்று. அந்த முதல் நாள் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் கிட்டே போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் நூல்குண்டை நீட்டி, "இத்தப் பிடி, ஆடாம பிடி" என்றார். பிடித்தேன். லீவு முடிவதற்குள் நான் அவருடைய சித்தாள் ஆகிவிட்டேன். மண் சட்டி, தண்ணீர், ரசமட்டம், எது கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். ரசமட்டத்துக் கண்ணாடிக்குள் அந்தக் குமிழி நடுவில் வந்து நிற்கும்போது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: தூக்கிக் கொஞ்ச வேண்டாம், பொம்மையை நீட்டிக் கூப்பிட வேண்டாம். அவர் கையில் ஒரு வேலை இருக்கட்டும். சைக்கிளைக் கழற்றி மாட்டட்டும், கீரைப் பாத்தி கட்டட்டும். அதில் குழந்தை பிடித்துக்கொள்ள ஒரு முனையை மட்டும் விட்டுவைக்கட்டும்.

இன்னொன்று. உங்களுக்கு இன்று வீடியோ கால் இருக்கிறது. எங்களுக்கு மணியார்டரும் இன்லாண்டு லெட்டரும். எட்டு வயதிலிருந்து அம்மாவுக்காக நான்தான் கடிதம் எழுதினேன், ஏனென்றால் அவளுக்கு எழுதத் தெரியாது. விலாசத்தின் கடைசி வரி எப்போதும் 56 ஏ.பி.ஓ. அது ராணுவத் தபால் நிலையம் என்று தெரியாமல், எந்த ஊர் என்று நாட்டுப்படத்தில் நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன்: மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் இரண்டு மட்டு, சின்னவனுக்குப் பல் முளைத்தது. கடைசியில் அவள் எப்போதும் சொல்வது, "நேரத்துக்கு சாப்படறீங்களா, இன்னா சாப்படறீங்கன்னு எழுது." அவரிடமிருந்து வரும் பதிலில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும், கன்றின் நிறம் கூடக் கேட்டிருப்பார். சாப்பாட்டுக்கு மட்டும் ஒரே வரி: "இங்கு சாப்பாடு நல்லபடியாகக் கிடைக்கிறது."

1971 டிசம்பரில் அந்த வரியும் நின்றுபோனது. பஞ்சாயத்து ரேடியோவில் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்ற குரல் வந்ததும் தெருவில் பட்டாளத்தார் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே நிற்பார்கள். தபால்காரர் சைக்கிள் வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள், தந்தியோ என்று. பொங்கல் கழிந்து ஒரு இன்லாண்டு வந்தது. அம்மா அதைப் பிரிக்கவில்லை. வெளியே விலாசத்தில் அவர் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்று மாடத்தில் வைத்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்து, அப்புறம்தான் என்னிடம் கொடுத்தாள்.

கேள்வி: முன்னாள் ராணுவத்தினரான என் அப்பாவுக்கு 83 வயது. அவருக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தடையின்றிக் கிடைக்க இப்போதே என்ன செய்ய வேண்டும்? – செய்யாறு வாசகர்

இப்போதே கேட்டீர்களே, நல்லது. இன்று சாயங்காலமே பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தை எடுத்து, அதில் உங்கள் அம்மா பெயர் இருக்கிறதா, எழுத்து ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா, பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் கல்யாணமும் பிள்ளை பிறப்பும் படைப்பிரிவு வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் ஏறினால்தான் ரெக்கார்டில் ஏறும். கிளார்க் எழுதின எழுத்துதான் பெயர். என் அம்மாவுக்கு அப்படி ஓர் எழுத்து மாறியிருந்தது, வயதில் மூன்று வருடம் வித்தியாசம். ஓர் அலுவலகத்தில் அதற்காக அப்பாவை மூன்று வருடம் நடக்க வைத்தார்கள். எண்பது வயது மனிதரை, ஒவ்வொரு முறையும் வேறொரு காகிதம் கேட்டு. அதை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அவர் இருக்கும்போதே திருத்தி முடித்தார். அதனால்தான் இன்று அம்மா அலையவில்லை.

திருத்த வேண்டியிருந்தால் அப்பாவின் ராணுவ ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதற்கு வழிகாட்டுவார்கள், கட்டணம் கிடையாது. டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ, ஆதார், இருவருக்குமான வங்கிப் பாஸ்புக், எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும். அப்பா ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணைய முறைக்கு மாறியிருந்தால் அதிலுள்ள குடும்ப விவரங்களையும் பாருங்கள்.

கேள்வி: என் அப்பாவும் மிலிட்டரிதான். வீட்டைப் பாரக்ஸ் போல நடத்தினார். அடி, கட்டளை, மௌனம். அவர் இறந்து ஆறு வருடமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் உங்கள் அப்பாவை இவ்வளவு நல்லவராக நினைப்பது எப்படி? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராணிப்பேட்டை

உங்கள் கடிதத்தைத்தான் அதிகமுறை படித்தேன். உங்களுக்கு அழுகை வரவில்லை என்பதில் தவறு எதுவும் இல்லை. வர வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது.

என் அப்பாவிடமும் அது இருந்தது. எனக்குக் கிடைத்த அப்பா வேறு, என் தம்பிக்குக் கிடைத்த அப்பா வேறு. பட்டாளத்திலிருந்து வந்தபோது தம்பிக்குப் பத்து வயது. விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி ஓடவைப்பார், பாய் மூலைக்கு மூலை மடித்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் ஆள் எடுப்புக்குப் போன தம்பி, வரிசையில் நிற்காமல் திரும்பி வந்துவிட்டான். பயமில்லை, அவனுக்கு விருப்பமில்லை. அப்பா அவனோடு ஒரு வருடம் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. அது கொடுமை. அப்பா செய்தார் என்பதற்காக நான் அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

தம்பி வெல்டிங் கற்றுக்கொண்டு பட்டறை வைத்தான். ஒருநாள் அப்பா அங்கே போய், அவன் பற்றவைத்திருந்த கேட்டின் இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு இணைப்பாக, அரைமணி நேரம். "சுத்தமான வேல" என்றாராம். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்கவில்லை. தம்பிக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்குப் போதுமாக இருந்திருக்குமா, எனக்குத் தெரியாது. உங்கள் அப்பா அப்படி ஒரு நாளைக்கூட உங்களுக்குத் தரவில்லை என்றால், கடன் அவருடையது, உங்களுடையது இல்லை. கடைசி மூன்று மாதம் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்தது தம்பிதான். அது அவன் மனசு. எல்லாப் பிள்ளைக்கும் அதைச் சட்டமாக்க முடியாது.

கேள்வி: அம்மா, இது கேள்வி இல்லை. 71இல் நான் 22 வயது சாப்பர். உங்கள் அப்பா எனக்கு மேலே லான்ஸ் நாயக். பத்திரிகையில் பார்த்ததும் ஆள் அவர்தானா என்று சந்தேகம், ஊர் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பசந்தரில் அவருக்குப் பின்னால் நாடா விட்டுக்கொண்டு போனவன் நான். – பெங்களூரிலிருந்து முன்னாள் சாப்பர்

ஐயா, உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டில் விளக்கேற்றினோம். காரியத்தன்று ஊரிலிருந்த பட்டாளத்தார் பதினோரு பேர் மெடல் குத்திக்கொண்டு வந்து வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். 1971 மேற்குப் போர்முனையில் இருந்ததற்காக அப்பாவுக்குக் கிடைத்த பஷ்சிமி ஸ்டார் மெடலைத் தம்பி தட்டில் வைத்திருந்தான். ஆனால் அவரோடு அந்த இடத்தில் இருந்தவர் ஒருவரும் அதில் இல்லை. அதுதான் குறையாக இருந்தது.

உங்கள் விலாசத்தை ஆசிரியரிடம் வாங்கிக்கொண்டேன். தை பிறந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு தம்பியும் நானும் வருகிறோம். உங்களால் முடிந்தால் அதற்கு முன் ஒரு கடிதம் போடுங்கள். சண்டையைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்தக் குளுர்ல, அந்த மாசம், அவரு நேரத்துக்கு சாப்பட்டாரா? இன்னா குடுத்தாங்க?"